ஈரத்துணி வருவதற்குள்

எடப்பாடியில் எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் விசைத்தறிக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்க, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களைச் சேலத்திலிருந்து வரவழைத்தேன். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் பயம்.

வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக வந்தவர்கள் தறிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். கூரையை நனைத்து, ஒரு தகட்டைக்கூட உடைக்காமல் இறக்கினார்கள். "தாள்மேல கெடக்கற தூசிய ஆரும் தொட்டுறாதீங்க. சாப்புட்டு வந்து ஈரத்துணியில நாங்களே தொடைச்சு எடுத்தர்றமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் திரும்புவதற்குள் என் அண்ணன் ப்ளோயரைப் போட்டுவிட்டார். தறியில் படியும் பஞ்சைச் சாயங்காலமானால் அதில்தான் ஊதித் தள்ளுவோம். தூசியைக் கண்டால் அவர் கை தானாக அங்கேதான் போகும். நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

"ஏஞ்சாமி இப்படிக் கத்தற? இத்தன வருசமாப் பஞ்சத் தின்னவன இது என்ன பண்ணிப்போடும்?"

வெண்புழுதி கொட்டகையை நிறைத்து, சமையலறைக்குள் புகுந்து, திறந்திருந்த சோற்றின்மேல் இறங்கியது. அண்ணன் காறித் துப்பினார். துண்டில் மூக்கைச் சிந்தி, அதே துண்டால் வாயையும் துடைத்துக்கொண்டார். சுத்தமாம், சுத்தம்!

சாப்பிட்டுத் திரும்பிய ஆட்கள் வாசலிலேயே நின்று முகமூடியை மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து அண்ணன் பெருமையாகச் சிரித்தார்.

"நீங்க வாரதுக்குள்ள உங்க வேலைய நானே முடிச்சுப்போட்டனுங்க."