வேண்டாமென்ற வீடு

என் புருஷன் கதிர்காமநாதனுக்கு வாயில் வராத ஒரே சொல், சம்மதம் சொல்கிற "ஓம்". பெண் பார்க்க வந்த அன்றைக்கே எனக்கு அது விளங்கியிருக்க வேண்டும். வடைத் தட்டை நீட்டினால், "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்" என்றார். அம்மா விடவில்லை. "ஒண்டாவது எடுங்கோ தம்பி" என்றாள். "ஐயோ, வேண்டாம்." மூன்றாம் தரம் அம்மா கேட்கவே இல்லை, எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மனுசன் ஆறு வடை சாப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பெட்டையைப் பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டதற்கும், "எனக்கென்ன, பெரியாக்கள் பாத்துச் செய்யட்டும்" என்றுதான் பதில் வந்தது. அதற்கு அர்த்தம் ஓம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்குள் இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் சிட்னிக்கு வந்த பிறகுதான்.

எழுபத்தைந்தில் வந்தோம். பென்டில் ஹில்லில் ஒரு வீட்டின் பின்வளவில், கார் விடுகிற கொட்டிலைத் தடுத்துக் கட்டிய ஒற்றை அறை. படுக்கையும் குசினியும் அதற்குள்தான். மீன் பொரித்தால் தலையணை மூன்று நாளைக்கு மணக்கும். இவருக்குப் பெயின்ற் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சோதனைக்கூடத்தில் வேலை. எழுபத்தேழில் நான் பிள்ளைத்தாய்ச்சி. வீட்டுக்காரக் கிழவி கெட்டவள் இல்லை. ஆனால் பிள்ளை அழுதால் தனக்கு ஆகாது, தை மாசத்துக்குள் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். நாங்களும் பார்த்தோம். பதினொரு வீடு. என்ன அதிசயமோ, எங்கள் முகத்தைக் கண்டதும் பதினொரு வீடும் "ஐந்து நிமிஷத்துக்கு முன்னர்தான்" எடுபட்டுப் போயிருந்தன.

பக்கத்து வீட்டில் டேல் இருந்தார். இங்கே வாத்திமாருக்குத் தட்டுப்பாடு என்று அரசாங்கம் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்ட வாத்திமாரில் ஒருவர். நல்ல உயரம், நல்ல சத்தம். முதல் நாளே வீட்டைச் சுற்றிக் காட்டினார், படுக்கையறை உட்பட. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சப்பாத்தோடு கம்பளத்தில் நடப்பார், காலைத் தூக்கி மேசையில் வைப்பார், அவருடைய ஐந்து வயசு மகன் என் புருஷனை "நாதன்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டு ஏழெட்டுச் சாமான் சொல்வார். இவர் "ஒண்டும் வேண்டாம்" என்பார். "ஓகே" என்று டேல் தனக்கு மட்டும் ஊற்றிக் குடிப்பார். நாங்கள் தொண்டை வறள இருந்து பேசிவிட்டு வருவோம். கிறிஸ்மஸுக்கு ஒரு பரிசு கொண்டு போனால், எங்கள் முன்னாலேயே கடதாசியைக் கிழித்துப் பார்த்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதே தெருவில், ஆண்கள் மட்டும் தங்குகிற விடுதி ஒன்றில் ஹான் என்றொரு கொரியர் இருந்தார். இவருடைய தொழிற்சாலையில் வெல்டர். வியட்நாமில் அமெரிக்கக் கம்பனிக்கு வேலை செய்துவிட்டு இங்கே வந்து, விசா இல்லாமல் ஒளிந்து திரிந்து, போன வருஷம் பொது மன்னிப்பில் காகிதம் கிடைத்தவர். அந்த மனுசன் முதலில் கேட்டது இவருடைய வயசை. இவர் இரண்டு வயசு மூப்பு என்று தெரிந்ததும், அண்ணன் என்று பொருள்படத் தங்கள் பாஷையில் "ஹியோங்" என்று கூப்பிடத் தொடங்கினார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுவார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்குவார். கண்டால் முதல் கேள்வி, சாப்பிட்டீர்களா? பரிசு கொடுத்தால் பிரிக்காமல் ஒரு மூலையில் வைத்துவிடுவார். எதைக் கொடுத்தாலும் முதலில் "நோ, நோ", பிறகும் "நோ, நோ", மூன்றாம் தரம்தான் எடுப்பார். அடடா, இந்த மனுசன் எங்கள் ஆள் போலவல்லவா என்று எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

கார்த்திகை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் பின்வளவிலிருந்து உள்ளே வந்து, ஏதோ மழை வரப்போகிறது என்கிற மாதிரிச் சொன்னார்.

"டேல் மார்கழியோட ஊருக்குப் போறானாம். இந்த வீடு உங்களுக்கு வேணுமோ, வேணுமெண்டால் வீட்டுச் சொந்தக்காரரிட்டச் சொல்லிவிடுறன் எண்டு கேட்டவன்."

மூன்று அறை, பின்வளவு, ஒரு எலுமிச்சை மரம். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம், எங்களுக்கு இப்ப இருக்கிற இடமே வசதிதான் எண்டு சொன்னனான்."

"உங்களுக்கென்ன விசரே?"

"ஏனப்பா கத்துறாய்? கேட்ட உடன ஓம் எண்டு பாய்ஞ்சால் என்ன நினைப்பான்? பொறு. இன்னொருக்கால் கேப்பான்."

பொறுத்தோம். திங்கள் கேட்கவில்லை. செவ்வாய் கேட்கவில்லை. புதன்கிழமை டேல் புல்லு வெட்டிக்கொண்டு நிற்க, இவர் வேலியோரம் போய் நின்று இருமினார். டேல் வெயிலைப் பற்றிப் பேசினார். இவர் வீட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்து, "நல்ல கூரை" என்றார். டேலும் கூரையைப் பார்த்து, ஓம், நல்ல கூரைதான் என்றார். வியாழக்கிழமை தொழிற்சாலையில் ஹான் சந்தோஷமாகச் சொன்னாராம், டேல் தன்னிடம் கேட்டார், அந்த வீடு தனக்குக் கிடைத்துவிட்டது என்று.

கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போவது என்றால் இதுதான். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நேரே டேலிடம் போனேன். எங்களுக்கு அந்த வீடு உயிர்போகிற அவசியம் என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். டேலின் முகம் சிவந்துபோய்விட்டது.

"நான் கேட்டேனே! நாதன் வேண்டாம் என்றாரே! அதற்குப் பிறகும் கேட்டால் அவரைக் கரைச்சல்படுத்துகிற மாதிரி ஆகாதா? வேண்டுமென்றால் ஏன் வேண்டாம் என்றார்?"

எங்கள் ஊரில் இரண்டாம் தரம் கேட்காவிட்டால் மரியாதையில்லை. இந்த மனுசனுக்கு இரண்டாம் தரம் கேட்டால் மரியாதையில்லை. அவரில் கோபிக்கவும் முடியவில்லை. எனக்குத் தலைச்சுற்று வந்து விழுந்த அன்று, ஒரு வார்த்தை கேட்காமல் வெஸ்ட்மீட் பக்கம் ஒரு டொக்டரிடம் காரில் கொண்டுபோய் விட்டவரே அவர்தான்.

வீட்டுக்கு வந்து இவருக்குப் பாடம் எடுத்தேன். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இனிமேல் ஆர் என்ன கேட்டாலும் முதல் வாயிலயே ஓம் எண்டு சொல்ல வேணும். விளங்குதே?"

"விளங்குது."

"எங்க, ஒருக்கால் சொல்லுங்கோ பாப்பம்."

"ஓம்" என்றார், பேதி மருந்து குடிக்கிற முகத்தோடு.

சனிக்கிழமை பின்னேரம் ஹான் ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்தார். டேல் சொல்லி எங்கள் நிலைமை தெரிந்திருக்கிறது. தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார். "ஹியோங், உங்களுக்குக் குழந்தை வருகிறது. அந்த வீட்டை நீங்கள் எடுங்கள். எனக்கு அறை போதும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன்.

"யெஸ்" என்றார் என் புருஷன். "தாங்க் யூ வெரி மச்."

ஹானின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு எழுந்து, நன்றாகக் குனிந்து, "குட், குட்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி பாதியில் இருந்தது. அது எனக்கு ஒரு மாதிரித்தான் பட்டது. ஆனால் என் புருஷன் வாழ்க்கையில் முதல் தரம் நேரத்துக்கு ஓம் சொன்ன சந்தோஷத்தில் நான் அதை விட்டுவிட்டேன். டேல், "ஓ, நீங்களே பேசித் தீர்த்துவிட்டீர்கள், நல்லது" என்று, விமானம் ஏறுகிற அன்று சாவியை எங்கள் கையில் தந்தார்.

குடிபோகுமுன் ஹானுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? அடுத்த நாள் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் விடுதிக்குப் போனோம். ஹானின் அறை நடையின் கடைசியில். கதவுக்கு வெளியே சுவரோரம், சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. எல்லாம் புதுசு. எல்லாம் சின்னப் பிள்ளைகளின் சப்பாத்துகள். மூன்று சோடி ஆண்பிள்ளைக்கு, மூன்று சோடி பெண்பிள்ளைக்கு, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக.

நாங்கள் அதைப் பார்ப்பதைக் கண்டு ஹான் கூச்சத்தோடு சிரித்தார். மனைவியும் பிள்ளைகளும் கொரியாவிலிருந்து அடுத்த கிழமை வருகிறார்களாம். விட்டுவிட்டு வரும்போது மகனுக்கு மூன்று வயசு, மகளுக்கு ஒரு வயசு. ஆறு வருஷம். இப்போது கால் எவ்வளவு பெரிது என்று தெரியாது, அதனால் மூன்று அளவிலும் வாங்கி வைத்திருக்கிறேன் என்றார்.

"அவையள் எங்க இருக்கப் போயினம்?" என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். இவர் இங்கிலீஷில் கேட்டார். ஹான் அந்த ஒற்றைக் கட்டிலைக் காட்டி, "அறை ஓகே. கொஞ்ச நாள். நோ பிராப்ளம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. மனுசன் மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். தம்பி என்றால் கேட்கத்தான் வேண்டும், அண்ணன் என்றால் மறுக்கத்தான் வேண்டும். எங்களுக்குத் தெரியாத வழக்கமா இது? "அப்ப டேலுக்கு மட்டும் உடன ஓம் எண்டது ஏன் எண்டு கேளுங்கோ" என்றேன். இவர் கேட்டார். வியட்நாமில் அமெரிக்கர்களோடு மூன்று வருஷம், அவர்கள் ஒரு தரம்தான் கேட்பார்கள், அது எனக்குத் தெரியும் என்றார் ஹான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுசன் அமெரிக்கனுக்கு ஒரு வாயும் எங்களுக்கு ஒரு வாயும் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் வாய் மாற்றிப் பேசிவிட்டோம்.

இவர் அந்த இடத்திலேயே சாவியை நீட்டினார். "நோ, நோ" என்றார் ஹான். மறுபடியும் நீட்டினார். "நோ, ஹியோங்." மூன்றாம் தரமும் நீட்டினார். ஹான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். இனி என்ன செய்வது? மூன்றோடு எங்கள் கணக்கு முடிந்தது. இவர்களுக்கு நாலு தரமா, ஐந்து தரமா? இல்லை, இது நிஜமாகவே வேண்டாமா? வீட்டில் வந்து சண்டை பிடித்தோம்.

"நீதானேயப்பா காலை மிதிச்சனி!"

"மிதிச்சால்? யோசிக்கத் தெரியாதே உங்களுக்கு?"

"யோசிச்சு வேண்டாம் எண்டாலும் ஏசுறாய், யோசியாமல் ஓம் எண்டாலும் ஏசுறாய். நான் என்னதான் செய்ய?"

எனக்கு அந்த வீடு வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கும் வேண்டும் என்றுதான் இருந்தது. தை பிறக்க மூன்று கிழமைகூட இல்லை. எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் துணி காய்கிறதைக்கூட நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் கண்ணை மூடினால் அந்தச் சப்பாத்துகள்தான் வந்து நின்றன.

பிறகு அம்மாவின் வடைத் தட்டு ஞாபகம் வந்தது. மூன்றாம் தரம் அம்மா கேட்கவில்லையே. வைத்துவிட்டாளே.

அடுத்த நாள் ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு விடுதிக்குப் போனேன். நடை வெறிச்சோடிக் கிடந்தது. குனிய முடியாத வயிற்றோடு சுவரைப் பிடித்துக் குனிந்து, பெண்பிள்ளையின் ஆகச் சின்னச் சப்பாத்துக்குள் சாவியைப் போட்டேன். கேட்டால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். இவர் வந்ததும் சொன்னேன். பழைய பேப்பரை எடுத்து, வாடகை வீட்டு விளம்பரங்களை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

அதற்கடுத்த பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. ஹான். ஒரு கையில் அந்தச் சின்னச் சப்பாத்து, மற்றக் கையில் சாவி. உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, பாடமாக்கிக்கொண்டு வந்ததைப்போல மெதுவாகச் சொன்னார்.

"வீட்டில் மூன்று அறை. எனக்கு இரண்டு போதும். பெரிய அறை ஹியோங்குக்கு, உங்களுக்கு, குழந்தைக்கு. எல்லோரும் ஒரு வீட்டில். வருவீர்களா?"

இவர் என்னைப் பார்த்தார். இந்த முறை வாயைத் திறக்க அவருக்குத் துணிவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. ஓம், ஓம், ஓம் என்று உள்ளே கிடந்து கத்தியது. வாயைத் திறந்தேன்.

"நோ, நோ" என்று வந்தது. "உங்களுக்கேன் கரைச்சல், வேண்டாம்."

ஐயோ! சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை நாளாகப் புருஷனைத் திட்டித் தீர்த்த அதே வாய். இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹான் என்னைப் பார்த்தார்.

ஹான் போகவில்லை. சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, சாவியை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி, இரண்டாம் தரம் கேட்டார்.