மாத்து மெஷின்

உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டை ஒட்டி ஷானவாஸ் வைத்திருக்கும் கடை ஒரு ஷட்டர் அகலம்தான். வயலுக்கும் தோட்டத்துக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயர்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். தேனியில் ஒரு டீலரிடம் சர்வீஸ் ஆளாகப் பல வருடம் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு சொந்த ஊருக்கு வந்து கடை போட்டார். மனைவி ரம்லத் மதியச் சோறு முடிந்ததும் வந்து, நாசில், வாஷர், ஹோஸ் விற்கும் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார்.

அதே ரோட்டில் இதே வேலைக்கு இன்னும் இரண்டு கடைகள் உண்டு. ஒன்றில் ஏசி கூட இருக்கிறது. ஆனாலும் திராட்சைக்காரர்கள் ஷானவாஸ் கடைக்குத்தான் வந்தார்கள். மெஷினை ஆள் இருக்கும்போதே பிரிப்பார். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்துவிடுவார். தேறாத மெஷின் என்றால், "இதுக்கு மேல இதுல காசு போடாதீக" என்று சொல்லி மூடிவிடுவார். இதெல்லாம் ஒரு பக்கம். முக்கியமான காரணம் மாத்து மெஷின்.

மழை பெய்து விட்டால், மறுநாளே பந்தலுக்குள் மருந்தடித்தாக வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் அடிச்சாம்பல் நோய் பூவையும் பிஞ்சையும் பிடித்துவிடும். அந்த நாளாகப் பார்த்துத்தான் ஸ்பிரேயர் மக்கர் செய்யும். ஷானவாஸ், ஆகாது என்று மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன மெஷின்களைச் சரிசெய்து நாலைந்து வைத்திருந்தார். பழுதுக்கு ஒன்று வந்தால் அது சரியாகும் வரைக்கும் இதில் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார். வாடகை கிடையாது. கழுவிக் கொண்டுவந்து தர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்னால், ஐப்பசி மழையில், ஆனைமலையன்பட்டி சண்முகராஜின் ஸ்பிரேயர் நின்றுபோனது. ஐம்பதைத் தாண்டிய திராட்சை விவசாயி. கோபக்காரர் என்று ஊரில் பேர். கடை திறந்த நாளிலிருந்து ஷானவாஸிடம் வருகிறவர். மாத்து மெஷினை வாங்கிக்கொண்டு போய்ப் பாதித் தோட்டம் அடித்தார். அதற்குள் அவர் மெஷின் தயாராகிவிட்டது. மீதிப் பாதியைத் தன் மெஷினிலேயே அடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நாசில் வாங்க வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு திராட்சை இலையை எடுத்து மேசையில் போட்டார். இலை விரியாமல், நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, மடக்கிய விசிறி மாதிரி இருந்தது.

"பாய், இதைப் பாரு. பிஞ்செல்லாம் உதிருது. விவசாய ஆபீசர் வந்து பாத்துட்டு, களைக்கொல்லி பட்டிருக்குன்னு சொல்லிட்டாக. திராட்சைக்கு அது வாடை பட்டாலே போதுமாம்."

"யாரு அடிச்சா அண்ணே?"

"வேற யாரு? பக்கத்துக் காட்டுச் சங்கிலிதான். மக்காச்சோளம் போட்டிருக்கான்ல? கேட்டா, நான் ஆள் விட்டுத்தேன் களை எடுத்தேங்கிறான். நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறேன். விட மாட்டேன்."

"முழுத் தோட்டமும் பட்டிருக்கா?"

"இல்ல, கிழக்குப் பாதி மட்டும். மேக்க உள்ளது நல்லாத்தான் நிக்குது."

"சங்கிலி காடு எங்கன இருக்கு?"

"மேக்கதான். காத்து தூக்கிட்டுப் போயி இங்கன போட்டிருக்கு."

காற்று மேற்குப் பாதியைத் தாண்டி கிழக்குப் பாதியில் மட்டும் எப்படி இறங்கும் என்று சண்முகராஜ் யோசித்த மாதிரி தெரியவில்லை. அவர் மாத்து மெஷினில் அடித்தது பாதித் தோட்டம்தான் என்பது ஷானவாஸுக்கு ஞாபகம் வந்தது. நாசிலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ராயப்பன்பட்டி ஜெபராஜுக்குப் போன் போட்டார். நெல் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர் அவர். அந்த மாத்து மெஷினைச் சண்முகராஜுக்கு முந்தி வாங்கிப் போனது அவர்தான்.

"அதுல என்ன அடிச்சீக ஜெபராஜ்?"

"களைக்கொல்லிதாண்ணே. ஏன்? நல்லா தண்ணி ஊத்திக் கழுவித்தானே கொடுத்தேன்."

கழுவித்தான் கொடுத்திருந்தார். ஆனால் அந்த மருந்து வெறும் தண்ணீரில் போகாது. டேங்கிலும் ஹோஸிலும் படிந்து நிற்கும். அடுத்து அதில் என்ன கலந்தாலும் கூடவே வெளியே வரும். ஷானவாஸுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. மழை அவசரத்தில் ஆட்கள் வரிசை கட்டி நிற்க, முன்னால் வாங்கிப் போனவர் எதற்கு அடித்தார் என்று கேட்காமல் மெஷினை எடுத்துக் கொடுத்திருந்தார்.

ரம்லத்திடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது, "இது வேற யாருக்கும் தெரியுமா?" என்றுதான்.

"ஜெபராஜுக்கே விஷயம் தெரியாது."

"சொன்னீங்கன்னா கடை போயிரும். அந்த அண்ணன் ஊரெல்லாம் சொல்லுவாரு."

"சொல்லலேன்னா, ஒண்ணும் செய்யாத மனுஷன் ஸ்டேஷன்ல போய் உக்காரணும்."

ரம்லத் விற்காமல் கிடந்த ஹோஸ் சுருள்களை எடுத்து, கலைத்து, மறுபடி அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகு சொன்னார்: "போறதுன்னா வெள்ளனமே போங்க. அவரு ஸ்டேஷனுக்குக் கிளம்புறதுக்குள்ள."

ஷானவாஸ் போனபோது சண்முகராஜ் பந்தலுக்கு அடியில் நின்றிருந்தார். அவர் மனைவி மலையம்மாள் சுருண்ட இலைகளைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் சங்கிலி மாட்டுக்குத் தட்டை அறுத்துக்கொண்டிருந்தார். சண்முகராஜும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஷானவாஸ் சங்கிலியையும் கூப்பிட்டார். இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். எந்த மெஷின், யார் முந்தி வாங்கிப் போனது, அதில் என்ன அடித்தது, தான் கேட்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னார்.

சண்முகராஜுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப என் வெள்ளாமையைக் கெடுத்தது நீயா?"

"என் மெஷினுதாண்ணே. நான் பாத்துக் கொடுத்திருக்கணும்."

"ஏன்டா இப்ப வந்து சொல்ற? நீ சொல்லாட்டி எனக்குத் தெரியவா போகுது?"

"நீங்க இவரு மேல எழுதிக் கொடுக்கப் போறீகளே."

சண்முகராஜ் மேலும் நிறையப் பேசினார். எதுவும் நல்ல வார்த்தை இல்லை. சங்கிலி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு தன் காட்டுக்குப் போய்விட்டார். மலையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சரி, மேக்கொண்டு ஆக வேண்டியதைப் பேசுங்க" என்றார். அதற்குச் சண்முகராஜ் அவரையும் ஒரு சத்தம் போட்டார்.

அன்றைக்கே ஷானவாஸ் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த புது பவர் ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டுபோய் சண்முகராஜ் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்தார். கெட்டுப்போன விளைச்சலுக்கு அது ஈடாகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சண்முகராஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. கொடி சாகவில்லை, ஆனால் கிழக்குப் பாதியில் அந்த அறுவடை வீணாகிவிட்டது. மறு கவாத்தில் கொடியை வெட்டிவிட்ட பிறகுதான் ஒழுங்காகத் துளிர்த்தது.

ரம்லத் பயந்தபடியே பேச்சு பரவியது. ஓடைப்பட்டி வரைக்கும் போனது. சிலர் சின்னமனூருக்குக் கொண்டுபோய் மெஷினைக் கொடுத்தார்கள். வந்தவர்களும் மாத்து மெஷின் என்றால் கையை ஆட்டி மறுத்தார்கள். மழைக்காலம் முடியும் வரை அந்த மெஷின்கள் சுவரோரம் சும்மா நின்றன. ஷானவாஸ் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று ஒருநாள் கேட்டார்.

"நிறுத்துறதுன்னா நிறுத்துங்க," என்றார் ரம்லத். "கொடுக்கிறதுன்னா ரெண்டாப் பிரிச்சுக் கொடுங்க. களைக்கொல்லிக்குத் தனி, மத்த மருந்துக்குத் தனி."

அவரே ஒரு மெஷினின் டேங்கில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, 'களைக்கொல்லி மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பாக்கியுள்ளதற்குப் புது டேங்க், புது ஹோஸ் மாற்றினார்கள்.

புதிதாக முதலில் வந்தவர் சங்கிலி. ஒரு காலையில் தன் பேட்டரி ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து மேசையில் இறக்கினார். அதற்கு முன் அவர் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை. ஷானவாஸ் ஓட்டிப் பார்த்தார். நன்றாகவே ஓடியது.

"இதுல என்ன ரிப்பேரு?"

"ஒண்ணுமில்ல," என்றார் சங்கிலி. "சும்மா பாத்து வையுங்க பாய்."

அன்றைக்கு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர், அடுத்த வாரம் தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு அந்தப் பக்கத்து மக்காச்சோளக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். திராட்சைக்காரர்கள் திரும்பி வர ஒரு வருடம் பிடித்தது. ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஷானவாஸ் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் தானாகச் சொன்னார்: "வேற கடையில தப்பு நடக்காதுன்னு இல்ல பாய். நடந்தா எவன் சொல்லுவான்?"

சண்முகராஜ் வரவில்லை. ரோட்டில் எதிரே பார்த்தாலும் பேச மாட்டார். ஆனால் போன கோடையில் மலையம்மாள் வந்தார். கையில் அந்தப் புது பவர் ஸ்பிரேயர். கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகியது.

"நான் வந்தது அவுகளுக்குத் தெரியாது. சொல்லிராதீக," என்றார்.

ஷானவாஸ் தலையாட்டினார். சரி செய்து ஓட்டிக் காட்டினார். மலையம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். எதிரே டீக்கடையை ஒட்டி நிறுத்தியிருந்த பைக்கில் சண்முகராஜ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மெஷினை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். ரம்லத் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஷானவாஸ் அடுத்த மெஷினைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகும் அப்படித்தான் நடந்தது. மலையம்மாள் வருவார், அவுகளுக்குத் தெரியாது என்பார், அந்த 'அவுக' எதிரே நிற்பார்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் வெயில் வந்ததும் மலையம்மாள் மெஷினோடு வந்துவிட்டார். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்து உள்ளே சிக்கியிருந்தது. பிரித்துப் பார்த்த ஷானவாஸ், பாகம் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். மலையம்மாள் திரும்பி எதிரே டீக்கடைப் பக்கம் பார்த்தார்.

"மாத்து மெஷின் இருக்கா?"

ரம்லத் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மலையம்மாள் மூடியைத் திறந்து, டேங்குக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தார். ஹோஸைக் கழற்றி அதையும் மோந்து பார்த்தார்.

"இதை முந்தி யாரு வாங்கிட்டுப் போனது?"

ரம்லத் பேரைச் சொன்னார். என்ன பயிருக்கு, என்ன மருந்து என்பதையும் சொன்னார். மலையம்மாள் மூடியை இறுக்கி, மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். இந்தத் தடவை சண்முகராஜ் பைக்கை டீக்கடை ஓரத்திலிருந்து உருட்டி, பாதி ரோடு வரைக்கும் வந்து நின்றார்.