விளக்குமாறு வண்டி

மாண்ட்ரியலில் நான் படித்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூலையில் ஏதாவது ஒரு சனிக்கிழமை, எல்லோரும் சைக்கிள்களைக் கார்களில் ஏற்றிக்கொண்டு ஷாம்ப்ளி கோட்டைக்குப் போவோம். அங்கிருந்து பாலத்தைத் தாண்டி, ரிஷெலியு ஆற்றின் கிழக்குக் கரையோரமாக வடக்கே மிதிக்க வேண்டும். மதியம் ஒரு கிராமத்தில் சாப்பாடு. பிறகு, ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும், கார்களும் ஏறக்கூடிய சின்னப் படகில் ஏறி மறுகரைக்குப் போய், அந்தக் கரை வழியாகவே கோட்டைக்குத் திரும்ப வேண்டும்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேன் மெதுவாக வரும். முடியாதவர்களை அள்ளிப் போட்டுக்கொள்வதற்காக. பிரெஞ்சுக்காரர்கள் அதை விளக்குமாறு வண்டி என்பார்கள். முதல் வருடம் சாப்பாட்டுக்குப் பிறகு என்னால் மிதிக்க முடியாமல் போய், அந்த வேனில்தான் கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் மே மாதமே ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், இந்த முறை வேனில் எனக்கு இடம் வைக்க வேண்டாம் என்று.

வெறும் வீம்பு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றே அப்பா சொன்னது, "எந்த வருசம் பெயிலாகுறியோ, அன்னைக்கே சூளைக்கு வந்துரணும்." செங்கல் சூளையில் அம்மாவோடு கல் சுமக்கிற வேலை எனக்காக எப்போதும் காத்திருந்தது. அதனால் நான் ஒரு வருடமும் பெயிலாகவில்லை. பாதியில் விட்டுவிட்டு மறுபடி முயன்று பார்க்கலாம் என்பது மற்றவர்களுக்கு இருக்கிற வசதி. எனக்கு அது பழகவில்லை. வேனில் உட்கார்ந்து வந்த அந்த ஒரு மணி நேரம் ஒரு வருடம் முழுக்க என் தொண்டையில் நின்றது.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. அப்பா சூளைக்குப் போகும் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள் நான். இங்கே வாங்கியது மெல்லிய டயர் வைத்த பழைய ரேஸ் சைக்கிள். ஷூவை வைத்து அழுத்தினால் பெடலோடு பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழன்று வரும். அதையும் பழகிவிட்டேன். பழகாதது தண்ணீர் குடிப்பது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே செம்பு. வாய் வைத்துக் குடித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். எங்கள் தெருவைத் தாண்டினால், நாங்கள் வாய் வைத்த டம்ளரைக் கழுவிய பிறகும் எடுக்கத் தயங்குகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமத்தைத் தரக்கூடாது என்று நினைத்தே, ஒரு சொட்டுச் சிந்தாமல் அண்ணாந்து குடிக்கப் பழகினேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் ஓடுகிற சைக்கிளில் அண்ணாந்தால் சாலை தெரியாது. முதல் வருடம் அப்படிக் குடிக்கப் போய், முன்னால் போனவனின் சக்கரத்தை உரசிவிட இருந்தேன். இந்த முறை நிற்கிற இடங்களில் மட்டும் குடிப்பது என்று முடிவு செய்தேன். வாயை வைத்துக் குடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்காவும் இந்த முறை சவாரிக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பழைய தேவாலயங்களைப் பார்க்க ஆசை என்று சொல்லி, ஒரு பெரிய டப்பா நிறைய மட்டன் ரோல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். வேனுக்கு என்ன பெயர் என்று நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"விளக்குமாத்து வண்டியோ? ஐயோ, இதிலை ஏறினன் எண்டு எங்கடை மனுசனுக்குச் சொல்லிப்போடாதை. மூண்டு நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

போகிற வழியில் காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். ஒரு கிராமம் முடிந்து கொஞ்ச தூரத்திலேயே அடுத்த ஊர்த் தேவாலயக் கோபுரம் வெயிலில் தகரமாக மின்னும். கல்வீடுகள், சிவப்புக் கதவுகள், ஆற்றுக்கு இறங்கும் புல்தரை. இருநூறு வருடத்து வீடுகள் என்று கூட வந்த ஆய்வக நண்பன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். அவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவன். நான் தலையாட்டினேன். மனதுக்குள் வேனுக்கும் எனக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டில் அக்கா என் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, தண்ணி அப்பிடியே கிடக்கு?"

"இப்ப குடிக்கிறேன்க்கா."

"ஓடேக்கை குடிக்கிறேல்லையோ?"

"அண்ணாந்தா ரோடு தெரியலக்கா."

"வாயை வைச்சுக் குடியன். உன்ரை போத்தல்தானே, ஆர் கேக்கப் போகினம்?"

"பழக்கமில்லக்கா."

"ஓம் ஓம், மகாராணி. பேந்து வேனிலை ஏறி என்னட்டைக் கேள், செம்பிலை ஊத்தித் தாறன்."

அந்தக் கேலிதான் என்னை உசுப்பியது. அவர் முன்னால் குடிக்காமல், படகுத்துறையில் நிறையக் குடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பினேன். ஆனால் நாங்கள் போனபோது படகு கிளம்பத் தயாராக இருந்தது. ஓடி ஏறினோம். நடு ஆற்றில் இரண்டு வாய் ஊற்றிக்கொள்வதற்குள் மறுகரை வந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் இறங்கி மிதிக்கத் தொடங்கினார்கள். நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை.

இந்தக் கரையில் காற்று முகத்தில் அறைந்தது. நண்பன் வேகத்தைக் குறைத்து என் அருகே வந்தான்.

"என் சக்கரத்தை ஒட்டியே வா. காற்று உன் மேல் படாது."

"வேண்டாம்."

"எல்லோரும் அப்படித்தான் போவார்கள். முறை மாற்றி மாற்றி."

"என் முறை வரும்போது சொல்லு, நான் முன்னால் போகிறேன்."

அவன் சிரித்தான். கொஞ்ச தூரம் கழித்து என் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினான். சைக்கிள்காரர்களுக்குள் அது சாதாரண உதவி. எனக்கு உடம்பு கூசியது. கையை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, தோளைக் குலுக்கி முன்னால் போனான்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போத்தல் என் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் குலுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கோபுரம் தெரிந்தது. அதற்கு அடுத்த ஊரைத் தாண்டினால் கோட்டை. அதைப் பார்த்து ஓர் அழுத்து அழுத்தினேன். வலது கெண்டைக்கால் சதை கல்லாகச் சுருண்டது.

நிற்கலாம் என்றால் ஷூவைக் கழற்ற வேண்டும். கழற்றக் குதிகாலைத் திருப்ப வேண்டும். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. சைக்கிள் மெதுவாக, மிக மெதுவாக, சாலையோரப் புல்லில் சாய்ந்தது. நானும் அதோடு சாய்ந்தேன். விழுந்த பிறகும் பெடல் என் காலை விடவில்லை. சைக்கிளை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். வலியில் கத்தினேன், தமிழில்.

நண்பன் ஓடி வந்து, என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கழற்றினான். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண்மணி, தோட்ட வேலைக் கையுறையோடு, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார். வாங்கி அண்ணாந்தேன். எல்லாம் மூக்கிலும் கழுத்திலும் கொட்டியது. அவர் டம்ளரை என்னிடமிருந்து வாங்கிப் போய், மறுபடி நிரப்பி வந்து, என் தலையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, என் உதட்டிலேயே வைத்தார். குடித்தேன். முழுவதும் குடித்தேன். காலி டம்ளரை அவர் கையுறையிலேயே துடைத்துக்கொண்டு ஏதோ பிரெஞ்சில் சொன்னார். எனக்கு 'மெர்சி' மட்டும்தான் வந்தது.

வேன் வந்து நின்றது. பத்து நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கொடுத்தார்கள். எழுந்து நின்றேன். இடது காலும் பிடித்துக்கொண்டது. இன்னும் பத்து நிமிடம் என்றேன். எல்லோரும் தங்கள் கைக்கடிகாரத்தையோ சோளக்காட்டையோ பார்த்தார்கள்.

அக்கா கதவைத் திறந்தார். நான் எதிர்பார்த்த கேலியைச் செய்யவில்லை.

"ஏறு பிள்ளை."

"அக்கா, கோட்டை அந்தா அங்கதான்க்கா இருக்கு."

"தெரியும். ஏறு."

"நடந்தாவது வர்றேன்க்கா."

"எந்தக் காலாலை?"

என்னை இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே வைத்தார்கள். கடைசி இருக்கையில், ரோல்ஸ் வாசனைக்கு நடுவில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் சைக்கிளைப் பின்பக்கக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். வேன் ஓட ஓட, காற்றில் அதன் முன்சக்கரம் தானாகவே சுற்றியது. நான் மிதித்தபோது சுற்றியதைவிட வேகமாக. கோட்டை வரும்வரை அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் போன் கார்டைச் சுரண்டி, ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செல்லுக்கு அழைத்தேன். அப்பா வந்தார்.

"என்னம்மா, சைக்கிள் சவாரி முடிச்சிட்டியா?"

முடித்துவிட்டேன் என்று சொல்லலாம். அங்கிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"இல்லப்பா. பாதியில கால் பிடிச்சுக்கிச்சு. வேன்ல ஏத்திட்டாங்க."

போனில் காற்று இரைந்தது. இருபது வருடமாக எனக்காகக் காத்திருந்த 'சூளைக்கு வந்துரு' என்ற வார்த்தை இப்போது வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சைக்கிளையும் ஏத்தினாங்களா? இல்ல, அங்கயே போட்டுட்டு வந்துட்டியா?"

"ஏத்தினாங்கப்பா."

"அப்பச் சரி" என்றார். "மழை பெய்யுதா அங்க?"

கார்டில் இன்னும் நிமிடங்கள் இருந்தன. மழை இல்லை என்று மட்டும் சொன்னேன்.