உண்டியலுக்குப் போன கண்ணாடி

திருமலையில் உண்டியலின் வெள்ளைத் துணி வாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன மூக்குக் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். உருண்டைச் சட்டம், இரண்டு காம்பிலும் சிவப்பு நூல். பணமும் நகையும் விழுகிற இடத்தில் என் அம்மா அதைப் போட்டாள். போன மாதம் அங்கே நின்றபோதும் என் கை தானாகப் போய் நான் போட்டிருந்த கண்ணாடியைத் தொட்டது. அதற்குள் பின்னாலிருந்து 'ஜருகண்டி, ஜருகண்டி' என்று நகரச் சொல்லிக் குரல் வந்துவிட்டது.

மதராஸுக்கும் ஆந்திராவுக்கும் எல்லை முடிவாகாமல், திருத்தணி அந்தப் பக்கம் போகுமா, நகரி இந்தப் பக்கமே நிற்குமா என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். நான் நகரியில் மூன்றாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்க வந்தவர்கள் தூரத்துச் சுவரில் ஒரு அட்டையை மாட்டினார்கள். மூன்று விரலை நீட்டினாற்போன்ற எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டவேண்டும். கடைசி வரிவரைக்கும் காட்டி, சபாஷ் வாங்கிக்கொண்டு வந்தேன். ஊருக்கு மேலே மூக்குபோல நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மூக்கு மலையில் மேய்கிற ஆட்டையே எண்ணிச் சொல்கிற கண்ணாயிற்றே. ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் கொஞ்ச நேரத்தில் எழுத்து கலங்கும், நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். படிக்கச் சோம்பல் என்பது அம்மாவின் தீர்ப்பு. டீச்சரம்மா விடவில்லை. நைனாவைக் கூப்பிட்டுப் பேசி எங்களைத் திருப்பதிக்கு அனுப்பிவைத்தாள்.

திருப்பதி டாக்டர் கண்மணியை விரிக்கிற களிம்பு ஒன்றைக் கொடுத்து, அதைப் போட்டுக்கொண்டு சில நாள் கழித்து வரச் சொன்னார். மை தீட்டுகிற அதே விரலால் அம்மா அதையும் தீட்டினாள். வெயில் கூசியது, தட்டில் இருக்கும் சோறு மங்கியது. நைனாவின் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு ரயிலில் திரும்பப் போனேன். டாக்டர் இருட்டறையில் வெளிச்சம் அடித்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். தூரம் நன்றாகத் தெரிகிறது, கிட்டத்தில் பார்க்கத்தான் கண் பாடுபடுகிறது, குறை கொஞ்சம்தான், வளர வளரச் சரியாகிவிடலாம், அதுவரை கண்ணாடி போடட்டும் என்று தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். அம்மா காதில் கண்ணாடி என்ற ஒரு வார்த்தைதான் ஏறியது. கண்ணாடி போட்ட பெண்ணை நாளைக்கு யார் வந்து கேட்பார்கள்? ஆஸ்பத்திரி வாசலிலேயே மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இவளுக்கு இது கழண்டா, இதையே கொண்ணாந்து உன் உண்டியல்ல போட்டுடறேன், சாமி."

மூக்கு மலைக்குக் கண்ணாடி வந்துவிட்டது என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். எனக்கென்ன, தலைவலி போனதே போதும்.

வீட்டில் இரண்டு தறி. அறுந்த இழைகளைப் பிணைப்பது அம்மாவின் வேலை. கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, கையை எட்ட நீட்டிப் பிணைப்பாள். சாயங்காலமானால் நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுருண்டுவிடுவாள். அது அவள் உடம்புவாகு என்றே நாங்கள் இருந்துவிட்டோம். ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தறி முன்னால் உட்கார்ந்திருந்தாள். காம்பு காதுக்கு எட்டாததால் சிவப்புப் பாவு நூலைக் கட்டிப் பின்னந்தலையில் முடிந்திருந்தாள். இழையை அவள் பார்க்கவில்லை. தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தறியில் இருந்த நைனா பார்த்தும் பார்க்காததுபோல் நெய்துகொண்டிருந்தார்.

அதன்பின் நான் படிக்காத நேரமெல்லாம் கண்ணாடி அம்மாவுடையது. ஈரத்துணி கொடியில் காய்ந்து கிடந்தது. அவளையும் டாக்டரிடம் காட்டலாம் என்று நைனா பேச்சை எடுத்தால் மட்டும், தறியில் கண்ணாடி போட்டுக்கொண்டு பொம்பளை உட்கார்ந்தால் தெருவே சிரிக்கும் என்று அடக்கிவிடுவாள். மகளுடையதை மாட்டிக்கொள்வது விளையாட்டில் சேர்த்தி. தனக்கென்று ஒன்று வாங்கினால்தான் அவள் கணக்கில் அது கண்ணாடி.

எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, இனிக் கண்ணாடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த வேண்டுதலையும் தள்ளிப்போடாத அம்மா இதை மட்டும் தள்ளினாள். மழை என்றாள், மலையில் கூட்டம் என்றாள், கையில் வேலை இருக்கிறது என்றாள். கொடுக்க மனசில்லை, கொடுக்காமல் இருக்கவும் பயம். மறுபடி அந்த ஈரத்துணிக்குத் திரும்பவேண்டுமே என்று அவள் தவித்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கடைசியில் பயம்தான் ஜெயித்தது. மூவரும் மலையேறினோம்.

உண்டியல் முன்னால் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்தாள். எடுத்தவள் போடவில்லை. மாட்டிக்கொண்டு, என் முகவாயைப் பிடித்துக் கிட்டத்தில் இழுத்தாள். "இருடி, ஒருவாட்டி நல்லா பாத்துக்கறேன்." அத்தனை பேர் நடுவில் வெட்கம் பிடுங்கித் தின்ன, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கை காலியாக இருந்தது. நூலைக்கூட அவிழ்க்காமல் போட்டுவிட்டாள்.

மலை இறங்கியதும் நைனா ஸ்டேஷன் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரி வழியில் திரும்பினார். அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அதிகம் பேசாத மனிதர் நைனா. "உன் வேண்டுதல் தீந்துது. உனக்குக் கண்ணாடி வாங்கிப் போடறேன்னு நானும் ஒன்னு வேண்டிக்கினு இருக்கறேன். சாமிகிட்ட சொன்னதை மாத்த முடியுமா? வா" என்றார். அம்மா பின்னால் நடந்தாள். அவர் மெய்யாகவே வேண்டிக்கொண்டாரா, அவளை மடக்க அப்படிச் சொன்னாரா, தெரியாது. தெரு இரண்டு நாள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அம்மா கடைசிவரை கண்ணாடியோடுதான் இருந்தாள்.

இப்போது எனக்கும் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. என்னுடையதைப் போட்டுக்கொண்டால் முகம் பார்க்கும் கண்ணாடியில் என் கண்கள் பெரிதாகத் தெரிகின்றன. அன்று அந்தச் சின்ன வட்டங்களுக்குள் அம்மாவின் கண்களும் இப்படித்தான் பெரிதாகத் தெரிந்திருக்கும், அவ்வளவு கிட்டத்தில். அவள் என்னைப் பார்த்துக்கொண்டாள். நான்தான் அவளைப் பார்க்கவில்லை. போன மாதம், பின்னாலிருந்து தள்ளும்வரை உண்டியல் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.