முத்தாபுதுப்பேட்டைக்குப் போன சைக்கிள்

காலை 7.10, திருமுல்லைவாயில். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கால் டாக்ஸி வந்து நின்றபோது, நான் தினேஷின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போகவேண்டிய இடம் முத்தாபுதுப்பேட்டை பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பு. ஆவடி வழியாகப் போனால் பதினோரு கிலோமீட்டர். இதையெல்லாம் பயணம் என்று எழுத வந்துவிட்டாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இமயமலைக்குப் போய் வந்தவர்கள் எழுதியதையும் நான் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் அன்றைக்கு நான் பயந்த அளவுக்குப் பயந்ததாகத் தெரியவில்லை.

தினேஷ் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் இளையவன். இருபத்தாறு வயது, ஆறடி உயரம். அவனுடைய அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று, மழைக்காலம் தொடங்குமுன் சைக்கிளை என் பால்கனியில் கொண்டுவந்து நிறுத்தினான். "மழை விட்டதும் எடுத்துக்கறேங்க்கா" என்றான். மழை விடுவதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிறகு அவன் இல்லை. மூன்று மாதமாக அந்தச் சைக்கிளைத் தாண்டித்தான் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அப்பா ஓய்வுபெற்றுவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்கு லாரி சொந்த ஊரான போளூருக்குக் கிளம்புகிறது. முந்தின வாரம் தினேஷின் அம்மா போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ அத நம்ம தெருவுல ஓட்டிடணும்மா. மிதிக்காம வரும்போது டிக்டிக்னு ஒரு சத்தம் வரும் பாரு, அதக் கேட்டுட்டுத்தான் நான் தோசக்கல்ல அடுப்புல வைப்பேன். இந்த வீட்டுல இருந்துக்கிட்டு இன்னொரு வாட்டி அதக் கேட்டுட்டுக் கிளம்புறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். நானே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் அவன் சீட்டை எவ்வளவு இறக்கினாலும் என் கால் பெடலுக்கு எட்டாது. அவன் தங்கை ரேவதிக்கு எட்டும். அண்ணன் உயரம் அவளுக்கும் வந்திருக்கிறது.

டாக்ஸி ஓட்டுநர் பெயர் பாபு. அம்பத்தூர்க்காரர். சைக்கிளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னா மேடம், இத்த எங்க ஏத்துறது? டிக்கில கேஸ் சிலிண்டர் கீது."

"முன்சக்கரத்தைக் கழற்றினால் பின்சீட்டில் போய்விடும்" என்றேன், தினமும் செய்கிறவள்போல.

என்னுடைய சைக்கிள் பழையது. அதன் முன்சக்கரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் திறந்து கொஞ்சம் தளர்த்தினால் சக்கரம் கையோடு வந்துவிடும். நடுவில் இருக்கும் மெல்லிய கம்பியும் சக்கரத்தோடே வரும், தொலையாது. தினேஷின் சைக்கிள் அப்படியல்ல. அதில் இருப்பது விரல் பருமனில், உள்ளே பொள்ளலான ஒரு அச்சு. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் ஒரு காலில் நுழைந்து, சக்கரத்தின் நடுவே ஊடுருவி, மறுகாலில் இருக்கும் மரையில் திருகிக்கொள்ளும். டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இம்மியும் அசையக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கழற்ற வேண்டுமானால் ஆறுமுனைச் சாவியால் திருகி அச்சை முழுவதுமாக வெளியே உருவ வேண்டும். அப்போதுதான் சக்கரம் விடுபடும். தினேஷ் சக்கரத்தை எடுத்த கையோடு அச்சை வெறும் ஃபோர்க்கிலேயே திருகி வைத்துவிடுவான். எதற்கு இந்த இரட்டை வேலை என்று நான் அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அச்சை உருவி, வாசலோரம் இருந்த மோட்டார் ரூமின் குட்டைச் சுவர்மேல் வைத்தேன். பிரேக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் பிஸ்கட் பாக்கெட் அட்டையை மடித்துச் செருகினேன். சக்கரத்தைப் போர்வையில் சுற்றினேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு வண்டியில் ஏறினேன். பத்து வருஷமாகச் சக்கரத்தோடே கம்பி வந்து பழகிய கை, வேறு எதையும் தேடவில்லை.

8.00, முத்தாபுதுப்பேட்டை. ஆவடி செக்போஸ்ட் நெரிசலைத் தாண்டியதும் சாலை அகன்று, மரங்கள் வந்துவிடுகின்றன. குவார்ட்டர்ஸ் தெருவில் இருபக்கமும் ஒரே மாதிரி வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு முருங்கையோ வேம்போ நிற்கிறது. தினேஷ் வீட்டு வாசலில் லாரி நின்றிருந்தது, பீரோ ஏறிவிட்டிருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, பின்சீட்டில் படுத்திருந்த சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தொட்டார். காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துத் தொட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இறக்கி, சக்கரத்தை ஃபோர்க்கில் பொருத்திவிட்டு, அச்சுக்காகக் கையை நீட்டினேன். போர்வையை உதறினேன். சீட்டுக்கடியில் துழாவினேன். அப்போதுதான் மோட்டார் ரூம் சுவர் கண்முன்னே வந்தது.

"அது இல்லன்னா ஓடாதா?" என்றார் அம்மா.

"சக்கரம் நிற்காதும்மா."

ரேவதி ஒரு வழி சொன்னாள். "பின்னாடி தூக்கிப் புடிச்சு பின்சக்கரத்தச் சுத்துனா அதே சத்தம் வரும்மா."

அம்மா தலையை ஆட்டி மறுத்தார். "அது நின்ன எடத்துல கத்தும். இது தெருக்கோடியில சன்னமா ஆரம்பிச்சு கிட்ட வரணும். வேணாம் விடுங்க, பரவால்ல." பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன். மோட்டார் ரூம் சுவரில் எதுவும் இல்லை என்றார். "நல்லாப் பாருங்க, ஒரு சாண் நீளம், கறுப்புக் குழாய்." "நான் இங்கதாம்மா நிக்கறேன். சுவத்து மேல காக்கா எச்சம்தான் இருக்குது."

மிச்சமிருந்த ஒரே இடம் பூந்தமல்லி. எங்கள் கூட்டத்துக்கு வழக்கமாகச் சைக்கிள் பார்க்கும் கடை அங்கேதான். கடைக்காரர் மாடியிலேயே குடியிருக்கிறார். போனில் சொன்னதும் "வாங்க, தொறந்து வெக்கறேன்" என்றார். சைக்கிளை மறுபடியும் பின்சீட்டில் ஏற்றினோம். டாக்ஸிக்கு முதலில் பேசியது 290 ரூபாய். இனி எவ்வளவு என்று பாபுவைக் கேட்டேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டே, "அத்த அப்பால பாத்துக்கலாம், ஏறு மேடம்" என்றார்.

பருத்திப்பட்டு, காடுவெட்டி, கூவம் பாலம், சென்னீர்குப்பம். வழியில் விஷயம் என்ன என்று பாபு கேட்டார். சொன்னேன். "எங்கம்மா என் ஆட்டோ சத்தத்த வெச்சு கண்டுபுடிச்சுகினு இருந்துச்சு. ஆட்டோவ வித்துட்டு இந்தக் கார எடுத்தேன் பாரு, ஊட்டு வாசல்ல வந்து நின்னாலும் அதுக்குத் தெரியல. யாரோன்னு பயந்துக்கும்" என்றார் பாபு.

9.05, பூந்தமல்லி. மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஊர்ந்து கடையை அடைந்தோம். கடைக்காரர் மூன்று அச்சுகளை எடுத்துப்போட்டார். ஒன்று நீளம் குறைவு, மரையைத் தொடவே இல்லை. இன்னொன்று பின்சக்கரத்துக்கானது. மூன்றாவது, நீளமும் பருமனும் சரியாக இருந்தது. நுழைத்துத் திருகினார். ரெண்டு சுற்றுப் போய் நின்றுவிட்டது.

"மரை வேறக்கா. கம்பெனிக்குக் கம்பெனி மாத்தி வெச்சுகீறானுங்க. உங்களுது மரை நெருக்கமா கீது, இது கொஞ்சம் அகலம்."

"கொஞ்சம் அழுத்தித் திருகினால்?"

"போவும். சாவியப் போட்டு இறுக்குனா உள்ள போய்டும். தெருக்கோடி வரைக்கும் ஓடும். ஆனா ஃபோர்க்குல கீற மரை மழுங்கிடும். அப்பால ஒரிஜினல் அச்சு கெடச்சாலும் புடிக்காது. இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

சாவி அவர் கையில் தயாராக இருந்தது. எனக்கு ஆசை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தெரு நூறு மீட்டர்கூட இருக்காது. அம்மா கேட்டது ஒரே ஒரு தடவைதான். பதினோரு மணிக்கு லாரி போய்விட்டால் அந்த வீடும் இல்லை, அந்தச் சமையலறையும் இல்லை. ஆனால் சைக்கிள் போளூர் போய் என்ன செய்யும்? ரேவதி ஒருநாள் அதை எடுத்து ஓட்டுவாள். அப்போது முன்சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அவன் சைக்கிளில் அவன் தங்கையை விழவைக்க நான் யார்?

"வேண்டாம்" என்றேன். கடைக்காரர் அச்சை ரெண்டு சுற்று பின்னால் திருகி எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாபு எங்கிருந்தோ டீ வாங்கிவந்து கையில் கொடுத்தார்.

டீ பாதி இருக்கும்போது வாட்ச்மேன் கூப்பிட்டார். "கெடச்சுடுச்சும்மா! மோட்டார் ரூம் கதவுல தாழ்ப்பா ஒடஞ்சு கெடந்துச்சுல்ல? காலையில வந்த ப்ளம்பர், சுவத்து மேல இருந்தத எடுத்துக் கொண்டியில சொருவி வெச்சுட்டுப் போயிட்டாரு. அளவா இருக்குதும்மா!"

அளவாக இருக்கிறதாம். அந்த மனிதரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

10.25, மீண்டும் திருமுல்லைவாயில். வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே அச்சோடு நின்றிருந்தார். கார் நிற்கக்கூட இல்லை, ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டேன். ஆவடி வரும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இறங்கும்போது உள்ளங்கை முழுக்க கிரீஸ்.

11.20, முத்தாபுதுப்பேட்டை. லாரி நின்றிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தினேஷின் அப்பா லாரியின் பின்னால் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டிதான் சார் கட்டுவீங்க?" என்று டிரைவர் கத்தினார்.

"தளர்வா இருக்குதுப்பா" என்றார் அவர். என்னைப் பார்த்ததும் கயிற்றை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

அச்சை நுழைத்தேன். மரை தன்னுடையதை அடையாளம் கண்டு, விரலாலேயே சுற்றச் சுற்றப் போயிற்று. கடைசியில் சாவியால் ஒரு இறுக்கு. ரேவதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். அம்மா சமையலறைக்குள் போனார். நான் அவர் பின்னால் போய் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். அடுப்பு, சிலிண்டர், அலமாரி எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. மேடைமேல் அடுப்பு இருந்த இடம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் நாலு மூலையாகத் தெரிந்தது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சன்னமாக ஆரம்பித்தது. கிட்டே வந்தது. வாசல் முருங்கையைத் தாண்டும்போது மெதுவாகி, ஒவ்வொரு டிக்காகப் பிரிந்து கேட்டது. அம்மாவின் வலதுகை தானாக உயர்ந்து, அடுப்பின் திருகு இருந்த இடத்துக்குப் போய், காற்றில் ஒன்றைத் திருப்பியது. திருப்பிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு, மகன் போன நாளில்கூட அழாதவர் என்று எல்லோரும் சொன்ன அந்த அம்மா, வாய்விட்டு அழுதார்.

லாரியில் மெத்தைகளுக்கு நடுவேதான் இடம் இருந்தது. இரண்டு சக்கரங்களையும் கழற்றித்தான் வைக்க வேண்டும் என்றார் டிரைவர். இத்தனை பாடுபட்டு மாட்டியதை மறுபடியும் கழற்றினோம். நான் முன்சக்கரத்தை எடுத்து நிமிர்வதற்குள், ரேவதி அச்சை என் கையிலிருந்து வாங்கி, வெறும் ஃபோர்க்கில் நுழைத்துத் திருகிவிட்டாள்.

"இப்படி வெக்கலன்னா அண்ணன் திட்டும்க்கா" என்றாள்.

12.10. லாரி உறுமியது. அப்பாவும் ரேவதியும் முன்னால் ஏறிவிட்டார்கள். அம்மா ஒரு காலைப் படியில் வைத்தவர், திரும்பி இறங்கி, மெத்தைகளுக்கு நடுவே கையை விட்டு ஃபோர்க்கைத் தடவிப் பார்த்தார். அச்சின் தலை விரலில் தட்டுப்பட்டதும் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

பாபு 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு என்னை வீட்டில் விட்டார். பால்கனி அகலமாகிவிட்டிருந்தது. அன்றைக்கு எதையும் தாண்டாமல் துணி உலர்த்தினேன். அது எனக்குப் பிடிக்கவேயில்லை.