பஸ்ஸைத் தள்ளிவிட்டுத் தின்ற கருப்பட்டி

இன்று காலை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு பரவையில் பஸ் ஏறினேன். பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் யுத்தகாலக் கரி வண்டி. பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஆம்பளைக எல்லாம் இறங்கித் தள்ளுங்க," என்றார் கண்டக்டர்.

தள்ளினேன். கை நடுங்கியது, வேர்த்து ஊற்றியது. ஊசிக்குப் பிறகு உடம்பை வருத்தினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், உடனே இனிப்பு தின்னுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கற்கண்டு நேற்றைய சட்டைப் பையில் இருந்தது.

கருப்பட்டிக் கூடையோடு நின்ற அம்மாளிடம் கை நீட்டினேன்.

"குடுத்துறாதீக ஆத்தா, அவருக்குச் சர்க்கரை வியாதி," என்றார் கூட வந்த ஆபீஸ் நண்பர். எனக்கு நாக்குக் குழறியது.

"வியாதி இருந்துட்டுப் போகுது. ஆளு சாயுறாருல்ல," என்று அந்த அம்மாள் ஒரு துண்டை என் வாயில் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்தேன். பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பஸ் கிளம்பியது, ஏறிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நண்பர் முந்திக்கொண்டு என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெல்லம், கற்கண்டு எல்லாம் அலமாரிக்குள். சாவி அவள் இடுப்பில்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"சர்க்கரை வியாதிக்காரவுக எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாக," என்றாள்.

நாளைக்கும் அதே ஊசி, அதே பஸ். இவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள். அது வந்து சேரும்வரை பஸ் நிற்காமல் ஓடட்டும்.