மண்டி மொஹல்லா கிணற்றுக்காகப் பேசாத பேச்சு

கும்பகோணத்திலிருந்து வக்கீல் சன்னதும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக மைசூரில் வந்து இறங்கியபோது சாம்பசிவனுக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆறே வருஷம். அவர் எழுந்து நின்றால் எதிர்க்கட்சி வக்கீல் தண்ணீர் கேட்கும்படி ஆயிற்று. சும்மா வந்ததா அது? மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் பூ விற்ற நஞ்சம்மாவிடம் தினமும் பேசி, அவள் சிரிக்கச் சிரிக்கத் திருத்திக்கொண்டு கற்ற கன்னடம்.

அந்தக் குரலுக்காகத்தான் வியாபாரிகள் அவரைப் பிரதிநிதி சபைக்கு அனுப்பினார்கள். தசராவை ஒட்டி வருஷத்துக்கு ஒரு தரம் கூடும் சபை. மண்டி மொஹல்லாப் பெண்கள் குடத்தோடு ஒரு மைல் நடக்கிறார்கள், அங்கே ஒரு கிணறு வேண்டும் என்று இரண்டு தசராவில் முழங்கினார். இன்னொரு தரம் அழுத்திச் சொன்னால் ஆகிவிடும் என்கிற நிலை.

அதற்குள் கஜானா அதிகாரி உத்தியோகம் தேடி வந்தது. மனைவி ராஜலக்ஷ்மிக்கு மாதச் சம்பளத்தில் ஆசை. கஜானாவே தன் கையில் இருந்தால் கிணறு எம்மாத்திரம் என்று சாம்பசிவனும் நினைத்தார். அத்தனை புத்தியும் அங்கேதான் சறுக்கியது. கஜானா அதிகாரிக்கு வேலை, மேலிடத்து உத்தரவு வந்தால் திறப்பது, மறுபடி பூட்டுவது. சபையில் வாய் திறக்க உத்தியோகஸ்தருக்கு உரிமையும் கிடையாது.

“பெட்டிக்குத்தான் பூட்டுன்னு நினைச்சேன் ஸ்வாமி. வாய்க்கும் போட்டுட்டாங்களா?” என்றாள் நஞ்சம்மா.

மூன்றாம் தசரா வந்தது. அவர் இடத்துக்கு வந்திருந்த ஜவுளிக்காரர் செலுவநாராயணன் எழுந்தார், தாளைப் பார்த்தார், வேர்த்தார், தெருவிளக்கைப் பற்றி இரண்டு வாக்கியம் படித்துவிட்டு உட்கார்ந்தார். கிணறு வரவேயில்லை. சுவரோரம் நின்ற சாம்பசிவனுக்குப் பேச்சு தொண்டை வரை வந்து நின்றது.

வெளியே வந்ததும் செலுவநாராயணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நேக்கு நாக்கே எழலை ஓய். நாளன்னிக்கு சபை முடியறதுக்குள்ள உத்தியோகத்தை விட்டுட்டு வாரும். என் இடத்துல நீர் பேசும், நான் மேலிடத்துல சொல்லி வைக்கறேன்.”

அன்றே ராஜினாமா எழுதினார். ஆனால் கஜானாவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டி, புதிதாக வருகிறவர் பார்த்து முத்திரை வைத்த பிறகுதான் சாவி கை மாறும். அதுவரை அது இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. கை பெட்டியைத் திறந்தது, காது சபை நடக்கும் திசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினார். அங்கே ஆட்கள் ஜமக்காளம் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேரே மண்டி மொஹல்லாவுக்கு நடந்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்களை நிறுத்தி, அந்தப் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை பேசித் தீர்த்தார். மைசூரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு பேச்சு கிடையாது. எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நஞ்சம்மா குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “எங்ககிட்ட எதுக்கு ஸ்வாமி? தண்ணி இல்லேன்னு எங்களுக்குத் தெரியாதா?”

அடுத்த தசராவுக்கு முழுசாக ஒரு வருஷம் இருந்தது. பெண்கள் போய்விட்டார்கள். சாம்பசிவன் சபை கூடிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.